வண்டி வராத ஞாயிறு: வடகடல் கரைத் துப்புரவு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் இருப்பவர்கள் வடகடல், தென்கடல் என்று சுருக்கிச் சொல்வார்கள். தமிழகக் கடற்கரையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த ஒரு மாவட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு கடலும் ஒரே பருவத்தில் குப்பையை ஒதுக்குவதில்லை. கச்சான் என்னும் மேல்காற்றும் சோழகம் என்னும் தென்காற்றும் வீசும் மாதங்களில் தென்கடல் கரை நிறையும். ஐப்பசியில் காற்று வாடைக்குத் திரும்பிய பிறகு வடகடல் கரையின் முறை வரும்.

இது தெரியாமல்தான் எங்கள் குழு முதல் தடவை செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில் இறங்கியது. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கி, இப்போது பல நாடுகளில் கடற்கரைத் துப்புரவு நாளாக அனுசரிக்கப்படும் நாள் அது. வடகடலுக்கோ ஆண்டிலேயே அமைதியான நாள்களில் ஒன்று. நாற்பது பேர் போய் ஆறு மூட்டையோடு திரும்பினோம். அந்தக் கரையில் பெரிதாகக் குப்பை இல்லை என்று நினைத்துக்கொண்டோம். மார்கழியில் வேறு வேலையாக அங்கே போன ஒருவர் எடுத்து அனுப்பிய படத்தில் மணலே தெரியவில்லை. தை மாதத்தில் பெரிய அளவில் ஒரு துப்புரவுப் பணி நடத்துவது என்று முடிவாயிற்று. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

ஊர், மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட வடகடல் கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நாட்டுப்படகும் வல்லமும் நிற்கும் கரை. நண்டு வலைத் தொழில் அதிகம். வெள்ளிக்கிழமை வலை நனைக்காத ஊர். மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் ஓடை. மழைக்காலத்தில் கண்மாய்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும். மற்ற மாதங்களில் ஊர்க் குப்பையைச் சேர்த்து வைத்திருக்கும். கைப்பை, கப்பு, தட்டு என்று ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை உண்டு. ஓடைக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லாரும் இராமநாதபுரம் நகரில் வசிப்பவர்கள். இரண்டு கல்லூரி விரிவுரையாளர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், மற்றவர்கள் பலதரப்பட்டவர்கள். கடலில் தொழில் செய்பவர் ஒருவர்கூட இல்லை. நான் கணக்கு நோட்டு எழுதியவன். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த நோட்டில் இருப்பவை.

நாள் குறித்தது

கூட்டத்தில் நாள் குறிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாணவர்களுக்கு விடுமுறை வேண்டும், ஆகவே ஞாயிறு. பொங்கல் விடுமுறை முடிந்து எல்லாரும் ஊர் திரும்பியிருக்க வேண்டும், ஆகவே பொங்கலுக்கு அடுத்து வரும் வாரங்களில் ஒன்று. சுவரில் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கிழமையைப் பார்த்தோம். அதன் கீழே பொடி எழுத்தில் திதி போட்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் குறித்த ஞாயிற்றுக்கு ஐந்தாம் நாள் தை அமாவாசை.

குப்பையை எடுத்துப்போக வண்டி தருவதாக உள்ளாட்சி அலுவலகத்தில் சொன்னார்கள். எந்த வண்டி, எத்தனை நடை, எத்தனை மணிக்கு, ஓட்டுபவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. “அனுப்பிவிடுகிறோம் சார்” என்ற ஒரு சொல்லை நோட்டில் ‘வண்டி: உறுதி’ என்று எழுதியவன் நான்தான்.

ஜமாஅத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். அதில் அனுமதி கேட்கவில்லை, அழைப்பு விடுத்திருந்தோம்.

அந்த ஞாயிறு

காலை ஆறரைக்குக் கரையில் நூற்று முப்பது பேர் இருந்தார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் கரையை நான்காகப் பிரித்தோம். வெள்ளிக்கிழமை ஓய்வெடுத்த ஊர், ஞாயிறு அன்று கடலில் இருந்தது. கரையில் சிறுவர்களும் சில பெண்களும் மட்டுமே இருந்தார்கள். எது யாருடையது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. அன்று அது எங்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. கரை காலியாக இருப்பது வசதி என்றுகூட ஒருவர் சொன்னார்.

மாணவர்கள் உழைத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் மூட்டைகள் வரிசைகட்டத் தொடங்கிவிட்டன. கொடுத்த மெல்லிய கையுறைகள் அரை மணி நேரத்தில் கிழிந்தன. ஊசி பொருத்திய சிரிஞ்சுகள் பதினொன்று கிடைத்தன. மருந்துக்கடைக்காரர் மூடி போட்ட கெட்டியான டப்பா கொண்டுவந்திருந்ததால் அவற்றைத் தனியே வைக்க முடிந்தது. வடக்கு ஓரத்தில் மூடி இறுகிய நீல நிற கேன் ஒன்று ஒதுங்கியிருந்தது; அருகில் போனாலே நெடி. அதைத் தொடாமல் சுற்றிக் குச்சி நட்டு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்குச் சொன்னோம். அன்று நாங்கள் ஐயமில்லாமல் சரியாகச் செய்தவை இந்த இரண்டும்தான்.

தெர்மோகோலில் தவறினோம். மீனுக்கு ஐஸ் வைக்கும் பெட்டிகள் உடைந்து பெரிய பெரிய பாளங்களாகக் கிடந்தன. சாக்கின் வாய்க்குள் போகாததால் மாணவர்கள் காலால் மிதித்து உடைத்தார்கள். உடைந்த ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் வெள்ளை மணிகள் உதிர்ந்தன. ஈரக் கையில் ஒட்டின. உதறினால் மறு கைக்குத் தாவின. காற்றில் உருண்டுபோய் ஈரமான கடற்புல் குவியலில் மீன் முட்டை போல ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு மாணவி உட்கார்ந்து விரல் நுனியால் அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கப் பார்த்து, கால் மணி நேரத்தில் ஒரு பிடிகூடச் சேராமல் எழுந்தார். நாங்கள் போவதற்கு முன் அந்தக் கரையில் தெர்மோகோல் பாளங்களாக இருந்தது. வந்தபின் மணிகளாக இருந்தது.

பதினொரு மணிக்குக் கணக்கு: 86 மூட்டைகள். எங்கள் காலை உணவுப் பொட்டலமும் தேநீர்க் கப்பும் சேர்ந்து இன்னொரு மூட்டை. அதை நோட்டில் தனியாகத்தான் எழுதியிருக்கிறேன். மீன் எடை போடும் தராசை இரவல் வாங்கி, பத்து மூட்டையை நிறுத்துச் சராசரி பார்த்து, மொத்தம் ஒன்றரை டன் என்று சொன்னோம். படம் எடுத்தோம். மறுநாள் செய்தி வந்தது.

வண்டி வரவில்லை. மாலை நான்கு மணிவரை இருந்துவிட்டு, நாளை காலை கட்டாயம் என்ற வாக்கோடு மூட்டைகளை ஏலக் கொட்டகைக்குக் கிழக்கே, மணல் மேட்டின் அடியில் அடுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

மாமியின் வலை

கிளம்புவதற்குள் ஒரு தகராறு வந்தது. வண்டி வராததைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

நண்டு வலை கடலின் அடித்தரையில் நிற்பது. சிக்கிய நண்டைப் பிரித்தெடுக்கும்போது வலை கிழியும். சில மாதங்களில் பொத்தவும் முடியாத அளவுக்குக் கந்தலாகிவிடும். ஆனால் மேல்கயிறும் மிதவையும் ஈயமும் அப்படியே இருக்கும். அவற்றை உரித்துப் புது வலையில் கட்டிக்கொள்வார்கள். அந்த ஊரில் இந்த உரிக்கும் வேலையைக் கூலிக்குச் செய்பவர் அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவர். ஊரே அவரை மாமி என்றுதான் அழைக்கும். நாலைந்து படகுக்காரர்களின் பழைய வலைகள் உடைமரத்து நிழலில் அவருடைய வேலைக்காகக் குவிந்து கிடந்தன. பார்ப்பதற்கு நாறும் குப்பை மேடு. காய்ந்த நண்டுக் கால்களும் பாசியும் அப்பியிருந்தன. அன்று அவர் மருத்துவமனைக்குப் போயிருந்தார்.

இரண்டு மாணவர்கள் அதைக் கண்டு, சாக்கில் திணிக்க முடியாமல், கத்தியால் முழ முழமாக அறுத்து ஒன்பது மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். குழுவைச் சேர்ந்த நான் பத்தடி தள்ளி நின்று, நன்றாக வேலை செய்கிறீர்கள் என்று அவர்களைப் பாராட்டினேன்.

பகல் பஸ்ஸில் மாமி வந்து இறங்கினார். சத்தம் போடவில்லை. ஒரு மூட்டையைச் சாய்த்துக் கொட்டி, மணலில் உட்கார்ந்து, அறுந்த கயிற்றின் ஒரு நுனியை எடுத்து இன்னொரு நுனியோடு வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. வேறொன்றை எடுத்தார். மிதவைகள் கயிற்றோடு சேர்ந்து துண்டாகியிருந்தன. அறுத்த பையன்களில் ஒருவன் பக்கத்தில் போய் நின்றபோது, “கேட்டிருக்கலாமே, வாப்பா” என்றார். அவ்வளவுதான்.

அன்று இரவே ஜமாஅத்தில் பேச அழைத்தார்கள். கயிற்றின் விலை, மிதவையின் விலை, மாமியின் கூலி ஆகிய மூன்றையும் படகுக்காரர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஏற்றிச் சொல்லவில்லை என்று பின்னால் கடையில் விசாரித்தபோது தெரிந்தது. பன்னிரண்டு பேரும் பகிர்ந்து கொடுத்தோம். மாமி பணத்தை எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டார்.

ஏழு இரவுகள்

திங்கள் வண்டி வரவில்லை. செவ்வாய் தொலைபேசியில் காரணம் தெரிந்தது. தை அமாவாசைக்கு இராமேசுவரம் அக்னி தீர்த்தம், தேவிபட்டினம் நவபாஷாணம், சேதுக்கரை என்று தீர்த்தக் கரைகளில் எல்லாம் கூட்டம் வரும். அதற்கான துப்புரவுப் பணிக்கு வண்டிகளும் ஆட்களும் முன்கூட்டியே போய்விட்டார்கள். இதில் அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுதோறும் நடப்பது. நாங்கள் நாளைச் சொன்னபோதே யாராவது ஒருவர் யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். அந்த ஒருவர் எங்களில் இருந்திருக்க வேண்டும்.

வாடகைக்கு ஒரு குட்டியானை வண்டி பிடிக்கலாம் என்று புதன்கிழமை பேச்சு வந்தது. ஏற்றிக்கொண்டு எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு விடை இல்லாததால் அதைக் கைவிட்டோம். இதற்குள் நாய்கள் உணவுக் குப்பை இருந்த மூட்டைகளைக் கிழித்திருந்தன. ஆடுகளும் வந்து போயின.

வெள்ளி அமாவாசை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் மற்ற நாள்களைவிடக் கூடுதலாக ஏறும். அந்த ஏற்றம் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே உச்சத்துக்கு வரும். வடகடலில் இந்த வேறுபாடு பெரியதல்ல. வாடைக்காற்றும் சேர்ந்து தள்ளினால் கதை வேறு. சனிக்கிழமை இரவு தண்ணீர் மணல் மேட்டின் அடியைத் தொட்டது.

ஞாயிறு காலை தகவல் கேட்டு ஓடினோம். 86இல் 49 மூட்டைகள் இருந்தன. மற்றவற்றில் சில வாய் பிளந்து அலையில் புரண்டுகொண்டிருந்தன. பல அங்கே இல்லவே இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டருக்குப் பரவிக் கிடந்ததை நூற்று முப்பது பேர் கூடிப் பொறுக்கி, ஓரிடத்தில் குவித்துக் கட்டி, கடல் வந்து எடுத்துப்போக வசதி செய்து வைத்திருந்தோம்.

மாமி அங்கேதான் இருந்தார். பிறை தேய்ந்து இருட்டுக்குப் போகிற வாரத்தில் தண்ணீர் மேலே ஏறும் என்பது இந்தக் கரையில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியுமே, படித்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியது போலத்தான் இருந்தது.

மூட்டைகளைப் பிரித்தபோது

மீதமிருந்த 49ஐயும் ஊர்ப் பள்ளியின் பின்புறம் கொண்டுவந்து, மூன்று மாலைகளில் கொட்டிப் பிரித்தோம். இந்த மூன்று மாலைகளில் கற்றதுதான் பின்னால் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் அடிப்படை. எங்கள் செய்திக் கணக்கைப் பொய்யாக்கியதும் இதுதான்.

முதலில், 17 மூட்டைகளில் பெரும்பங்கு ஈர மணலும் கடற்புல்லும். மீனவர்கள் தாழை என்று சொல்லும் இந்தப் புல் வடகடலின் அடித்தரையில் வயல் போல வளர்ந்து கிடக்கிறது. வாடைக் காலத்தில் பிய்ந்து வந்து கரையில் திண்டு திண்டாக ஒதுங்கும். பார்க்க அழுக்கு, நாற்றமும் உண்டு. ஆகவே ‘சுத்தம்’ செய்ய வந்தவர்கள் அதையும் அள்ளினார்கள். அந்தத் திண்டுதான் அலை அரிக்காமல் மணலைப் பிடித்து வைக்கிறது. அதற்குள் வாழும் பூச்சிகளையும் சிறு உயிர்களையும் நம்பித்தான் குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான்கள் கரையோரம் ஓடித் திரிகின்றன. கடலுக்குள் நிற்கும் தாழை, ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கும் பேராமைக்கும் உணவு. இந்தக் கரைக்கு வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய வடகடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாங்கள் அள்ளியது உதிர்ந்த தாழைதான். என்றாலும் உரச்சாக்கில் கட்டி அகற்ற வேண்டிய பொருள் அது இல்லை. ஈர மணல் கனம் என்பதால், ஒன்றரை டன்னில் பாதிக்கு மேல் கடலுக்கும் கரைக்கும் சொந்தமானது என்று திருத்தம் எழுதி அனுப்பினோம். வெளிவந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது, வலைத் துண்டுகள். இரண்டு வகை கிடைத்தன. ஒன்று விசைப்படகின் இழுவலையிலிருந்து வந்த பச்சை நிறத் துண்டுகள்; இவை பாலிஎத்திலீன், தண்ணீரைவிட எடை குறைந்தவை, மிதந்து வந்து ஒதுங்கும். மற்றொன்று நண்டு வலையின் மெல்லிய நைலான். இது தண்ணீரில் மூழ்கும். மூழ்கும் வலை தானாகக் கரைக்கு வருவது அரிது. அப்படியானால் கரையில் கிடந்த நண்டு வலைக் கந்தலில் பெரும்பகுதி கரையிலேயே போடப்பட்டது. கடலில் தொலைந்த நண்டு வலை இன்னும் அடியில் கிடக்கிறது. எத்தனை பேர் கரையில் குனிந்தாலும் அது கைக்கு வராது. இதை எங்களுக்கு விளக்கியவர் விரிவுரையாளர் அல்ல, பிரிக்க உதவிக்கு வந்த படகுக்காரர் ஒருவர். வாளித் தண்ணீரில் இரண்டு துண்டையும் போட்டுக் காட்டினார்.

மூன்றாவது, சிங்கள எழுத்துப் பாட்டில்கள். கரையில் அவை கிடைத்தபோது மாணவர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அக்கரைக் குப்பையைச் சுமக்கிறோம் என்று அன்றே பேச்சு கிளம்பிவிட்டது. எண்ணிப் பார்த்ததில் 23 பாட்டில்கள். தேநீர்க் கப்பும் எண்ணெய்ப் பாக்கெட்டும் ஷாம்பு உறையும் எண்ணி மாளவில்லை. எல்லாம் தமிழ் எழுத்து, பல கப்புகளில் ஓடையின் கறுப்புச் சேறு அப்படியே ஒட்டியிருந்தது.

பழைய இரும்புக்கடைக்காரர் கெட்டியான பாட்டில்களையும் பச்சை வலையையும் மட்டும் எடுத்துக்கொண்டார். உறைகளையும் தெர்மோகோலையும் நைலான் வலையையும் கையால் தள்ளிவிட்டார். மற்றவை பத்து நாள் கழித்து வந்த வண்டியில் போயின.

எடுத்த முடிவுகள்

மாசியில் நடந்த கூட்டம் நீண்டது, கசப்பும் இருந்தது.

முதல் முடிவு வண்டியைப் பற்றியது. இனிமேல் வண்டி கரைக்கு வந்து நின்ற பிறகே முதல் ஆள் குனிய வேண்டும். வண்டி கொள்ளும் அளவுக்கு மேல் ஒரு மூட்டைகூடக் கட்டக்கூடாது. எந்த மூட்டையும் கரையில் இரவு தங்கக்கூடாது. பரவிக் கிடக்கும் குப்பையில் ஒரு பகுதி மணலில் புதைந்தும் புதரில் சிக்கியும் கரையிலேயே நின்றுவிடும். கட்டி வைத்த மூட்டையோ ஒரே இரவில் மொத்தமாகப் போய்விடும். அதனால் எடுக்காமல் விடுவதைவிட எடுத்து விட்டுவைப்பது மோசம் என்று கண்டோம்.

இரண்டாவது, நாள். வெள்ளிக்கிழமை காலை ஆறு முதல் ஒன்பது வரை என்று மாற்றினோம். தொழிலுக்குப் போகாத நாள், ஆண்கள் கரையில் இருப்பார்கள், ஜும்மாவுக்கு முன்பே முடித்துவிடலாம். அமாவாசை, பௌர்ணமி விழும் வாரங்களைத் தவிர்த்தோம். இதற்குக் கொடுத்த விலை பெரியது: வேலைநாள் என்பதால் கல்லூரி மாணவர்கள் வர இயலாது. நூற்று முப்பது பேர் இனி இல்லை. வங்கி ஊழியர் இதைக் கடுமையாக எதிர்த்தார். கூட்டம் வந்து பார்த்தால்தான் இளையவர்களுக்கு உறைக்கும், பத்துப் பேர் போய்ப் பொறுக்கினால் அது துப்புரவுத் தொழிலாளர் வேலையை இலவசமாகச் செய்வது மட்டுமே என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருப்பதாக இன்றும் நினைக்கிறேன். அவர் விலகிக்கொண்டார்.

வலை, கயிறு, மிதவை எதையும் மாமியோ படகுக்காரரோ கை காட்டாமல் தொடுவதில்லை. தாழையை அள்ளுவதில்லை; மேலே கிடப்பதை மட்டும் எடுத்து, உள்ளே சிக்கியதை உதறி எடுப்பது. தெர்மோகோலை உடைக்காமல் பாளமாகவே கயிற்றில் கட்டிச் சுமப்பது. இவற்றில் விவாதம் இல்லை.

நைலான் வலைக்கு ஒரு வழி தேடினோம். மாமி உரித்த கந்தலைக் கிலோவுக்கு இவ்வளவு என்று குழுவே வாங்கிக்கொள்வது என்று தொடங்கினோம். வீசி எறிய வேண்டியதற்குக் காசு கிடைத்தால் யாரும் எறியமாட்டார்கள் என்பது எண்ணம். எண்ணம் பலித்தது, அளவுக்கு மேலாகவே. மூன்றாம் வாரம் பக்கத்து ஊர்களிலிருந்து இருசக்கர வண்டியில் வலை வந்து இறங்கியது. இரண்டு மாதத்தில் பணம் தீர்ந்தது. வாங்குவதை நிறுத்தியபோது எங்கள் முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை என்றாலும், உடைமரத்தடியில் மறுபடியும் கந்தல் சேர ஆரம்பித்தது.

ஓடையில் செய்த தவறு

கப்பில் ஒட்டியிருந்த கறுப்புச் சேறு எங்களை ஓடைக்கு அழைத்துச் சென்றது. மழை வருவதற்கு முன் ஓடையை மறித்தால் கடலுக்குப் போவதை அங்கேயே பிடிக்கலாம் என்று, புரட்டாசியில் ஓடைவாயின் குறுக்கே மூங்கில் நட்டுப் பழைய நண்டு வலையைக் கட்டினோம். கையில் மூட்டை மூட்டையாக வலை இருந்ததும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலை வலையில் ஒரு நீர்க்காகம் தொங்கியது. இறக்கையும் கழுத்தும் சுற்றிக்கொண்டிருந்தன. நைலான் இழை இறகுக்குள் புகுந்து தோல்வரை அறுத்திருந்தது. அதை அறுத்தெடுக்க இரண்டு பேருக்கு அரை மணி நேரம் ஆயிற்று; உயிர் எப்போதோ போயிருந்தது. மிதந்து வந்த கப்புகள் நான்கைந்து அதன் காலடியில் நின்றுகொண்டிருந்தன.

கடலில் தொலைந்த வலை தானாகவே மீன்பிடித்துக்கொண்டிருக்கும் என்று பள்ளிகளில் போய்ச் சொல்லி வந்தவர்கள் நாங்கள். அன்றே வலையை அவிழ்த்தோம். மூங்கிலையும் பிடுங்கினோம், பெருமழையில் குப்பை அடைத்துத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியிருக்கும் என்று தெரு மக்கள் சொன்னதும் சரியே. அதற்குப் பதில் ஐப்பசி பிறப்பதற்குள் தூய்மைக் காவலர்களோடு சேர்ந்து ஓடையை இரண்டு முறை கையால் சுத்தம் செய்தோம். அவர்களுக்குக் கெட்டியான கையுறையும் முழங்கால் பூட்சும் வாங்கிக் கொடுத்தது அந்த ஆண்டில் நாங்கள் செய்த செலவுகளில் உருப்படியானது.

ஓராண்டுக்குப் பின்

மாசி முதல் அடுத்த தை வரை 19 வெள்ளிக்கிழமைகள் இறங்கினோம். ஒரு நாளுக்கு எட்டு முதல் பதினைந்து பேர். அவர்களில் மூன்றில் ஒருவர் ஊர்க்காரர் என்ற நிலை ஆடிக்குப் பிறகு வந்தது. மொத்தம் 143 மூட்டைகள். அத்தனையும் அன்றன்றே வண்டியேறின. நான்கு முறை வண்டி வரவில்லை. அந்த நான்கு நாளும் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

ஓடைவாயை ஒட்டிய கரையில் கப்பும் பையும் முந்தைய வாடைக் காலத்தைவிடக் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன. நூறு காலடி தூரத்தைக் கயிறு கட்டி எண்ணிப் பார்த்ததால் இதைச் சொல்ல முடிகிறது. தெர்மோகோலும் பச்சை வலையும் குறையவில்லை. குறைய வழியும் இல்லை, அவை எங்கள் ஓடையிலிருந்து வருபவை அல்லவே. செய்தித்தாளில் எதுவும் வரவில்லை.

வலை அறுத்த மாணவர்களில் ஒருவன் படிப்பை முடித்தபின் நான்கைந்து வெள்ளிக்கிழமைகள் வந்தான். மாமி அவனுக்கு வலை பொத்தக் கற்றுக்கொடுத்தார். மோசமாகப் பொத்துகிறான் என்பது அவர் தரும் சான்றிதழ்.

மறுபடி தொடங்கினால்

முதல் கூட்டத்தை நகரத்தில் நடத்தமாட்டோம். ஏலக் கொட்டகையில், ஏலம் முடிந்த பிறகு, தரையில் உட்கார்ந்து நடத்துவோம். நாள், இடம், தொடக்கூடாதவை மூன்றையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

எடையை அறிவிக்கமாட்டோம். ஈர மணல் எல்லாக் கணக்கையும் கெடுக்கிறது. ஒரே நூறு காலடியில் பொருள் பொருளாக எண்ணுவது போதும்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாள்களில் படகுத் துறைகளில் இழுவலை பொத்தி, வெட்டிய துண்டுகள் கால்வைக்க இடமில்லாமல் கிடக்கும். பச்சைத் துண்டுக்கு வாங்குபவர் இருக்கிறார். கரையில் ஒதுங்கிய பின் பொறுக்குவதைவிட, துறையில் நாலு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு வாரம் ஒருமுறை எடுப்பது எளிது. இதை முதல் ஆண்டிலேயே செய்திருக்க வேண்டும். கேரளத்தில் நீண்டகரைத் துறைமுகத்தில் 2017 முதல் மீனவர்கள் வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அதற்குக் கரையில் தரம் பிரிக்கும் இடமும் வாங்கிக்கொள்ளும் ஆளும் முதலில் இருந்தார்கள். வாங்குபவர் இல்லாமல் நாங்கள் நண்டு வலைக்கு விலை வைத்தது, தொட்டி கட்டாமல் குழாயைத் திறந்தது போலாயிற்று.

நைலான் வலைக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. குழு வாங்கிச் சேர்த்ததில் மீதி 31 மூட்டைகள் பள்ளிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பலகை போட்டு அடுக்கியிருக்கிறது. மூன்று இடங்களில் கேட்டாயிற்று: பாசியும் மணலும் இல்லாமல் கழுவித் தந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். ஊருணி நிறைய வேண்டும். இந்த ஆண்டு மழை பெய்தபின் ஒரு மூட்டையை மட்டும் கழுவிப் பார்ப்பதாக இருக்கிறோம், மாமி சொல்லும் வெள்ளிக்கிழமையில்.